மொத்த மதிப்பும் கையில் மிஞ்சுவதும்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஃபிரெஸ்னோ என்றொரு கவுண்டி. நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. அங்கே விளையும் பாதாம், திராட்சை, பிஸ்தா, தக்காளி, பால் எல்லாவற்றின் மதிப்பையும் வேளாண் ஆணையர் அலுவலகம் ஆண்டுதோறும் கணக்கிட்டு வெளியிடுகிறது. அண்மை ஆண்டுகளில் அது 800 கோடி டாலரைத் தாண்டியிருக்கிறது.

கேட்கவே பிரமிப்பாக இருக்கிறது. ஆனால் இது விவசாயியின் வருமானம் அல்ல. தண்ணீர், உரம், கூலி, வட்டி எதையும் கழிக்காத மொத்தத் தொகை.

விளைச்சல் கூடினால் மட்டும் இந்த மதிப்பு உயர்ந்துவிடாது; விலையும் நிற்க வேண்டும். 2014-இல் கலிபோர்னியா விவசாயிக்கு ஒரு பவுண்டு பாதாமுக்குச் சுமார் 4 டாலர் கிடைத்தது. அந்த விலையை நம்பிப் பலரும் புதிதாகக் கன்று நட்டார்கள். பாதாம் காய்ப்புக்கு வர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். எல்லாத் தோட்டமும் காய்த்தபோது சரக்கு தேங்கியது. 2022-இல் ஒன்றரை டாலர்கூடக் கிடைக்கவில்லை.

விளைபொருள் மதிப்பு இத்தனை கோடி என்று எந்த ஊரைப் பற்றிச் செய்தி வந்தாலும், செலவு போக உழவர் கையில் என்ன மிஞ்சியது என்றும் கேட்போம்.