முள்ளு இறங்கிடுச்சா, உள்ளே போயிடுச்சா?

போன வாரம் ஏன் எபிசோடு வரலைன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. காரணம், ஒரு கெண்டை மீன்.

அன்னைக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஒரு கையில மொபைல், இன்னொரு கையில சோறு. ஆபீஸ் மெசேஜைப் படிச்சுக்கிட்டே முழுங்கினேன். தொண்டையில சுருக்குன்னு குத்துச்சு. அம்மா உடனே வெறும் சோத்தை உருண்டை பிடிச்சு, "மெல்லாம அப்படியே முழுங்குடா"ன்னாங்க. மூணு உருண்டை, ஒரு வாழைப்பழம். குத்தல் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. மேட்டர் ஓவர்னு தூங்கிட்டேன்.

செவ்வாய்க்கிழமை எச்சில்கூட முழுங்க முடியல. கழுத்தைத் திருப்பினா வலி, லேசா காய்ச்சல். காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கு வழியா ஸ்கோப் விட்டுப் பார்த்தார். ஒன்னும் இல்ல. எக்ஸ்ரேலயும் இல்ல. சந்தோஷமா எழுந்துட்டேன். "உட்காருங்க தம்பி"ன்னு சிடி ஸ்கேன் எழுதினார். நம்ம பாஷையில சொன்னா, லாக்ல எரர் இல்லைங்கிறதுக்காக பக் இல்லைன்னு ஆயிடுமா?

சிடில முள் தெரிஞ்சது. உணவுக்குழாயோட தொடக்கத்துல, சுவருக்குள்ள பாதி புதைஞ்சு, சுத்தி வீக்கம். அன்னைக்கு ராத்திரியே மயக்க மருந்து கொடுத்து எடுத்தாங்க.

பெரும்பாலும் முள் டான்சில்லயோ நாக்கோட அடியிலயோதான் மாட்டும். டாக்டர் இடுக்கி வச்சு எடுத்துடுவார். மெல்லிசு முள் பல நேரம் எக்ஸ்ரேல விழாது. சோத்து உருண்டை அதை இறக்கியும் விடலாம், இன்னும் ஆழமா குத்தியும் விடலாம். நிறைய பேருக்கு எப்படியோ இறங்கிடுறதாலதான் இந்த வைத்தியம் இத்தனை நாள் தாக்குப்பிடிச்சிருக்கு.

அரிதா சில முள் சுவரைத் துளைச்சு கழுத்துக்குள்ளேயே நகர்ந்து போகும். தைராய்டு வரைக்கும், மூளைக்குப் போற ரத்தக்குழாய் பக்கம் வரைக்கும் போன கேஸ் இருக்கு. அப்போ தொண்டை வலி குறையவும் செய்யலாம், அதுதான் பயங்கரம். கிருமி பரவி சீழ் கட்டினா, தொண்டைக்குப் பின்னால இருக்கிற இடைவெளி வழியா நெஞ்சுக்குள்ள இறங்கிடும். அது உயிருக்கே ஆபத்து.

அதனால குத்தல் நிக்கலைன்னா மறுநாளுக்குத் தள்ளாதீங்க. காய்ச்சல், கழுத்து வீக்கம், எச்சில் வழியுறது, மூச்சுத் திணறல், ரத்த வாந்தின்னா நேரா எமர்ஜென்சிதான். உருண்டை முழுங்கினதையும் மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. நான் ரெண்டாவது தடவை கேட்டப்பதான் சொன்னேன்.

அம்மா இன்னமும் "நாங்கல்லாம் அப்படித்தான் முழுங்கினோம்"னுதான் சொல்றாங்க. இந்த ஞாயிறு சங்கரா மீனாம். மொபைல் பெட்ரூம்ல சார்ஜ்ல இருக்கும், யாரும் கால் பண்ணாதீங்க.