மாற்றுரையின் குரல்: மொழிபெயர்ப்பில் யூதர் சட்டநூல்



யூதரின் வாய்மொழிச் சட்டங்களைக் கி.பி. 200ஐ ஒட்டி எபிரேய மொழியில் தொகுத்தவர் ரபி யூதா ஹநாசி. மிஷ்னா எனப்படும் அத்தொகுப்பு 6 பெரும்பகுதிகளும் 63 இயல்களும் கொண்டது. மிஷ்னாவை ஆராய்ந்த பிற்கால அறிஞர்களின் விவாதம் கெமாரா. அது பெரும்பாலும் அரமேய மொழியில் அமைந்தது. இவ்விரண்டும் இணைந்ததே தல்மூத். நூற்பாவையும் உரையையும் சேர்த்தே பயிலும் தமிழ் மாணவர்க்கு இவ்வமைப்பு அயலானதன்று.

சட்டநூல் என்றால் தீர்ப்புகளின் அடுக்கு என்று கருதுவோர்க்குத் தல்மூத் வியப்பளிக்கும். அதில் தீர்ப்பினும் வழக்காடலே மிகுதி. ஏற்கப்படாத கருத்தும் சொன்னவர் பெயரோடு காக்கப்படுகிறது. சிறுபான்மையோர் கருத்தை ஏன் குறித்துவைக்க வேண்டும் என்று மிஷ்னாவே வினவுகிறது. பின்னொரு நாள் வேறொரு நீதிமன்றம் அதனைச் சார்ந்து தீர்ப்பளிக்கக்கூடும் என்பது அது தரும் விடைகளுள் ஒன்று.

ஓர் எடுத்துக்காட்டு நோக்கத்தக்கது. கண்ணுக்குக் கண் என்பது வேதவிதி. ஆனால் மிஷ்னா, பிறரைக் காயப்படுத்தியவன் உறுப்பிழப்பு, வலி, மருத்துவம், வேலையிழப்பு, அவமானம் ஆகிய ஐந்துக்கும் பொருளால் ஈடு செய்யவேண்டும் என்கிறது. பார்வையற்ற ஒருவன் பிறன் கண்ணைக் கெடுத்தால் அவ்விதியை எப்படி நிறைவேற்றுவது என்று கெமாராவில் ஒருவர் கேட்கிறார். அங்கேயே ரபி எலியேசர், விதி சொல்லுக்குச் சொல் மெய்யானது என்கிறார். அவர் கருத்து மறைக்கப்படவில்லை. அவர் உண்மையில் கருதியது யாது என்று விவாதம் தொடர்கிறது. ஈட்டின் அளவைக் காயப்பட்டவனை வைத்தன்று, காயப்படுத்தியவனை வைத்தே மதிப்பிட வேண்டும் என்பதே அவர் கருத்து என விளக்கம் தரப்படுகிறது. ரபி எலியேசரின் ஒரு தொடரை மட்டும் பெயர்த்தெடுத்தால், நூல் முழுவதும் மறுக்கின்ற ஒன்றே நூலின் கொள்கையாகிவிடும்.

இது வெறும் கற்பனை அச்சமன்று. 1236இல் நிக்கோலா தோனின் என்பவர், தல்மூதிலிருந்து எடுத்த பகுதிகளைக் கொண்டு 35 குற்றச்சாட்டுகளைப் போப்பாண்டவர் ஒன்பதாம் கிரகோரியிடம் அளித்தார். 1240இல் பாரிசில் நூலின்மீது விசாரணை நடந்தது. ரபி எகியேல் எதிர்வாதம் செய்தும், 1242இல் 24 வண்டிச் சுவடிகள் எரிக்கப்பட்டதாக வரலாறு கூறுகிறது. அச்சு வாராத காலம். எரிந்தவை அனைத்தும் கையால் எழுதிய படிகள். அத்துயரை ரோத்தன்பர்க் மெயிர் பாடிய இரங்கற்பா, ஆண்டுதோறும் நோன்பு நாளில் இன்றும் ஓதப்படுகிறது.

துணுக்குகளாகப் பெயர்த்ததால் விளைந்த கேட்டுக்கு, முழுமையாகப் பெயர்ப்பதே மருந்து. எர்பர்ட் டேன்பி என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குரு, மிஷ்னா முழுவதையும் 1933இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். சான்சினோ பதிப்பகத்தின் தல்மூத் மொழிபெயர்ப்பு 1935இல் தொடங்கியது. அதின் ஸ்டைன்சால்ட்ஸ் 1965இல் தொடங்கிய தற்கால எபிரேய விளக்கப் பதிப்பு 2010இல் நிறைவுற்றது.

இப்பணி எளிதன்று. மூலம் மிகச் சுருங்கிய நடையது, நிறுத்தக்குறிகள் அற்றது. ஒரு தொடர் வினாவா விடையா என்பதையே மொழிபெயர்ப்பாளர் தீர்மானிக்க வேண்டியுள்ளது. வேதவசனத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவன் பொய்யன், கூட்டிச் சொல்பவன் நிந்தனை செய்பவன் என்னும் பொருள்பட ரபி யூதா கூறியதும் தல்மூதிலேயே உண்டு. ஸ்டைன்சால்ட்ஸின் விளக்கத்தைத் தழுவிய ஆங்கிலப் பதிப்பு இதற்கு நேர்மையான வழி கண்டது: மூலச்சொற்களின் பெயர்ப்பைத் தடித்த எழுத்திலும், சேர்த்த விளக்கத்தை மெல்லிய எழுத்திலும் அச்சிட்டது. எங்கே மூலம் முடிகிறது, எங்கே உரையாசிரியர் பேசுகிறார் என்பது வாசகர் கண்ணுக்குப் புலனாகிறது.

மூலமொழி அறியாதார்க்கு மொழிபெயர்ப்பே வாயில். அவ்வாயிலில் நுழைவோர், தீர்ப்பு யாது என்று மட்டும் தேடுதல் ஆகாது. யார் மறுத்தார், ஏன் மறுத்தார் என்றும் கேட்டல் வேண்டும். மறுத்தவர் குரலை விட்டுவிட்ட பெயர்ப்பு, எத்துணை அழகியதாயினும், நூலுக்கு எதிராகச் சொல்லப்படும் பொய்ச்சான்றே.