தாதித் தொழிலுக்கு மாணவரை ஆயத்தஞ் செய்தல்

(மன்றக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளிடம் என்னவாக வர விருப்பம் என்று கேட்டால், வைத்தியர் என்றும் பொறியியலாளர் என்றுமே விடை வரும். தாதி என்ற சொல் பெறுபேறு வந்த பின்னரே நம் வீடுகளில் உச்சரிக்கப்படுகின்றது. அதுவும் ஆறுதற் பரிசைப் போல. இரக்க குணம் இருந்தாற் போதும், மீதியைப் பயிற்சியிற் பார்த்துக்கொள்ளலாம் என்பது நம்மவர் எண்ணம். இரக்கம் வேண்டியதுதான். ஆயின் பள்ளிக்கூடத்திலேயே பழக்கவேண்டியவை வேறும் உள.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 500 மில்லிலீற்றர் சேலைனை 4 மணித்தியாலத்தில் ஏற்றவேண்டும். அக்குழாயில் 20 துளி ஒரு மில்லிலீற்றர். நிமிடத்துக்கு எத்தனை துளி விழவேண்டும்? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய கணக்கே. விடை ஏறக்குறைய 42. பரீட்சைத் தாளிற் பிழைத்தால் இரண்டு புள்ளி போகும். விடுதியிற் பிழைத்தால் உயிருக்கே ஆபத்து.

1860 இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிப் பள்ளியை நிறுவிய புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரை, விளக்கேந்திய சீமாட்டி என்றே பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். கிரைமியாப் போரிற் காயத்தால் மாண்டோரிலும் நோயால் மாண்ட படைவீரரே அதிகம் என்பதை 1858 இல் புள்ளிவிபர வரைபடங்களாற் காட்டியவரும் அவரே. அதை ஏனோ சொல்வதில்லை.

அடுத்தது கவனம். நாடி பார்க்கும் தாதி, நாடியை எண்ணி முடித்த பின்னும் கையை விடாமல் மூச்சையும் எண்ணுவார். மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். இத்தகைய கூர்மை ஒருநாளில் வருவதன்று. மொழியும் அப்படியே. மருத்துவக் குறிப்புக்கள் ஆங்கிலத்தில் இருக்கும். நியமனம் சிங்களப் பகுதியிற் கிடைக்கவுங் கூடும்.

இனி என் குறை ஒன்று. நான் விஞ்ஞானம் படிப்பித்த காலத்தில் ஒரு மாணவி தாதியாக விரும்பினாள். கெட்டிக்காரி, பதற்றமில்லாதவள். அவள் தகப்பனார் என்னிடம் வந்து, "மாஸ்ரர், எங்கட பிள்ளை ஊராற்ற உடம்பைத் துடைக்கிறதோ? நீங்கள்தான் புத்தி சொல்லவேணும்" என்றார். நானும் பெற்றோர் விருப்பத்தைக் கேள் என்று அவளுக்குச் சொல்லிவிட்டேன். அவள் ஒரு கந்தோரிற் சேர்ந்தாள். சென்ற ஆண்டு நான் 11 நாள் வைத்தியசாலையிற் கிடந்தபோது, இரவு 2 மணிக்கு என் உடம்பைத் துடைத்துப் படுக்கை மாற்றியவர் யாரோ ஒருவர் பெற்ற பிள்ளை. அன்று அந்த மாணவியை நினைத்தேன்.

அரசாங்கத் தாதியர் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பயிற்சி உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாதியியற் பட்டப்படிப்பும் உண்டு. ஆண்பிள்ளைகளும் சேரலாம், பின்வரிசையிற் சிரிப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்க.

ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்டோர்க்கு ஞாயிறு மாலைகளில் மன்ற மண்டபத்தில் ஒரு மணித்தியாலம் நடத்த நான் ஆயத்தம். முதல் நாள் நாடி எண்ணுதல். வினாடி முள்ளுள்ள கைக்கடிகாரம் வைத்திருக்கும் பெரியவர்கள் இரண்டொன்று இரவல் தந்தால் நன்று.