எள்ளுவோரும் எள்ளப்படுவோரும்

(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதற்கண் வைத்தார் தொல்காப்பியர். அந்நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலை முதற்கண் வைத்தார். எள்ளலால் பிறக்கும் நகையை உரைமரபு இருவகையாகப் பகுத்துக் காணும். ஒருவன் பிறரை எள்ளும்பொழுதும் நகை பிறக்கும். அவனே பிறரால் எள்ளப்படும்பொழுதும் நகை பிறக்கும். இப்பகுப்பு தெளிவானது. ஆயினும் ஒரே மனிதன் ஒரே நொடியில் எள்ளுவோனாகவும் எள்ளப்படுவோனாகவும் அரங்கில் நின்றால், அவையில் எழும் சிரிப்பு எவ்வகையைச் சாரும்? சிரிப்பவர் அவனோடு சேர்ந்து சிரிக்கின்றாரா, அவனைப் பார்த்துச் சிரிக்கின்றாரா? அங்கதம் எழுதும் எந்தக் கவிஞரும் தப்ப முடியாத வினா இது.

இவ்வினாவை இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கூர்மையாக எழுப்பியவை இரு தொலைக்காட்சித் தொடர்கள். ஒன்று, இங்கிலாந்தின் 'டில் டெத் அஸ் டூ பார்ட்'. திருமண உறுதிமொழியில் வரும், மரணம் பிரிக்கும்வரை என்னும் பொருளுடைய தொடரே அதன் தலைப்பு. மற்றொன்று, அதனை மூலமாகக் கொண்டு அமெரிக்காவில் ஆக்கப்பெற்ற 'ஆல் இன் தி ஃபேமிலி'. ஒரு நகைச்சுவை கடல் கடக்கும்போது எது உடன் செல்கிறது, எது கரையிலேயே தங்கிவிடுகிறது என்பதை இவ்விரண்டின் ஒப்பீடு காட்டும்.

முதலில் மூலம். கிழக்கு லண்டனின் கானிங் டவுன் பகுதியிற் பிறந்த ஜானி ஸ்பெய்ட் எழுதிய இந்நாடகம், 1965இல் பி.பி.சி.யின் தனி நாடக வரிசையொன்றில் ஒரு பகுதியாக முதன்முதல் வெளிவந்தது. அப்போது நாயகனின் பெயர் ஆல்ஃப் ராம்சி. இங்கிலாந்துக் காற்பந்து அணியின் மேலாளர் பெயரும் அதுவாகவே இருந்தமையால், 1966இல் தொடராக வந்தபோது ஆல்ஃப் கார்னெட் என மாற்றப்பட்டது. முதற்பருவம் ஏழு பகுதிகளே. 1968 வரை ஓடி நின்ற தொடர், 1972 முதல் 1975 வரை மீண்டும் ஓடியது.

களம், லண்டன் துறைமுகத்தை ஒட்டிய வாப்பிங் பகுதியில் ஒரு பழைய வீடு. அதனுள் நால்வர். துறைமுகத் தொழிலாளியாகிய ஆல்ஃப், அவன் மனைவி எல்ஸ், மகள் ரீட்டா, லிவர்பூலிலிருந்து வந்த மருமகன் மைக். ஆல்ஃப் உழைக்கும் வர்க்கத்தவன். எனினும் வாக்களிப்பது கன்சர்வேடிவ் கட்சிக்கு. வழிபடுவது அரச குடும்பத்தையும் வெஸ்ட் ஹாம் காற்பந்து அணியையும். வெறுப்பது கறுப்பர், யூதர், குடியேறியோர், தொழிற்சங்கத்தார், லிவர்பூல்காரர் என நீளும். மருமகனோ இடதுசாரி, வேலைக்குப் போகாதவன், மாமனாரின் கூரையின் கீழிருந்தே சமத்துவம் பேசுபவன். இருவர் வாதத்திலும் அறிவு குறைவு, ஓசை மிகுதி. எல்ஸ் பெரும்பாலும் எதையும் மறுப்பதில்லை. கணவன் உலகப் போரைப் பற்றி முழங்கி முடித்த பின், தொடர்பில்லாத ஒரு சொல்லை உதிர்ப்பாள். அந்த ஒரு சொல்லில் அவன் கட்டிய கோபுரம் சரியும்.

ஸ்பெய்ட்டின் நோக்கம் ஐயத்திற்கு இடமற்றது. வெறுப்பு என்பது அறியாமையும் அச்சமும் உரக்கப் பேசுவதே என்று காட்ட அவர் விரும்பினார். ஆல்ஃபாக நடித்த வாரன் மிட்செல் யூதர், இடதுசாரிச் சார்புடையவர். தம்மையே வெறுக்கும் ஒருவனின் வேடத்தை அவர் புனைந்தார். ஆயினும் நிகழ்ந்தது வேறு. தெருவில் அவரைக் கண்டவர் சிலர், கறுப்பர்களை நன்றாக வாட்டுகிறீர்கள் என்று பாராட்டினர். தாம் வாட்டியது அவர்களையே என்று அவர் விடையிறுக்க வேண்டியிருந்தது. எள்ளப்பட்டவர் தம்மை எள்ளியதை அறியாது, அதனை மாலையாக வாங்கித் தோளில் அணிந்துகொண்டனர்.

மறுபுறம், தொலைக்காட்சியைத் தூய்மை செய்யப் புறப்பட்ட மேரி வைட்ஹவுஸ் அம்மையார், இத்தொடரில் வரும் கொச்சைச் சொற்களை எண்ணிக் கணக்கிட்டுக் கண்டித்தார். ஸ்பெய்ட் அதற்குச் சொன்ன மறுமொழி நகைச்சுவையின் இலக்கணத்தை அறிந்தவர் செய்வது. 1967இல் வந்த ஒரு பகுதியில், ஆல்ஃப் கார்னெட் அவ்வம்மையாரின் நூலை மெய்மறந்து படித்து, ஒவ்வொரு பக்கத்தையும் ஆமோதிக்கிறான். கண்டிக்க வந்தவர்க்கு அவனே முதற்சீடன் ஆனான்.

இனி அமெரிக்க வடிவம். மூலத்தைப் பற்றிக் கேள்வியுற்ற நார்மன் லியருக்கு உடனே நினைவுக்கு வந்தவர் அவருடைய தந்தை. மனைவியை அடக்கி, மகனோடு ஓயாது வழக்காடிய தந்தை அவர். உரிமையைப் பெற்று லியர் ஆக்கிய முன்னோட்டப் படங்கள் இரண்டையும் ஏ.பி.சி. நிறுவனம் ஏற்கவில்லை. பின்னர் சி.பி.எஸ். ஏற்று, 1971 ஜனவரி 12 அன்று ஒளிபரப்பியது. முதற்பகுதிக்கு முன், இந்நிகழ்ச்சி மனிதரின் குறைகளையும் தப்பெண்ணங்களையும் நகைச்சுவை வெளிச்சத்தில் காட்ட முயல்கிறது என்னும் பொருள்பட ஓர் அறிவிப்பையும் வைத்தது. எச்சரிக்கையோடு தொடங்கிய தொடர், 1971 முதல் 1976 வரை ஐந்து பருவங்கள் தொடர்ந்து அந்நாட்டில் மிகுதியாகப் பார்க்கப்பட்ட நிகழ்ச்சியாக விளங்கியது. 1979இல் நிறைவுறும்போது 200 பகுதிகளைக் கடந்திருந்தது.

வாப்பிங், நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியாயிற்று. ஆல்ஃப், ஆர்ச்சி பங்கர் ஆனான். எல்ஸ், ஈடித் ஆனாள். ரீட்டா, குளோரியா ஆனாள். லிவர்பூல் மருமகன், போலந்து மரபில் வந்த, சமூகவியல் பயிலும் மாணவன் மைக் ஆனான். சட்டகம் அதுவே; உயிர் வேறு.

வேறுபாடு மூன்று இடங்களில் தெளிவாகத் தெரிகிறது.

முதலாவது, மனைவி. எல்ஸ் சலித்துப்போனவள். கணவனின் வசைகளுக்குத் தோல் தடித்தவள். அவளிடம் கனிவு இல்லை. வாழ்ந்து தீர்த்த களைப்பு மட்டுமே உண்டு. ஜீன் ஸ்டேபிள்டன் நடித்த ஈடித் அவ்வாறல்லள். அவளும் பேதையாகத் தோன்றுகிறாள். எனினும் அவள் பேதைமை மாசற்ற மனத்தின் வெளிப்பாடு. எவரையும் வெறுக்க அறியாத ஒருத்தி, எல்லோரையும் வெறுக்கும் ஒருவனை நேசிக்கிறாள். ஆர்ச்சி அன்புக்குரியவன் என்று பார்வையாளர் நம்பத் தொடங்கியது அவள் கண்வழியே. ஆல்ஃபுக்கு அத்தகைய சான்றளிப்போர் எவரும் இலர்.

இரண்டாவது, அண்டை வீடு. மூலத்தில் வீட்டுக்குள் ஒலிப்பவை பெரும்பாலும் அந்நால்வர் குரல்களே. ஆல்ஃப் எவரை வசைபாடுகிறானோ அவர் பெரும்பாலும் அங்கு இல்லை. குயீன்ஸிலோ, வசைக்குரியவர் கதவைத் தட்டி உள்ளே வருகிறார். முதற்பகுதியிலேயே வரும் கறுப்பின இளைஞன் லயனல் ஜெபர்சன், ஆர்ச்சி எதிர்பார்க்கும் வகையிலேயே அடக்கமாகப் பேசி, அவன் அறியாமலே அவனை எள்ளுகிறான். பின்னர் லயனலின் தந்தை ஜார்ஜ் வருகிறார். தற்பெருமையிலும் வெறுப்பிலும் ஆர்ச்சிக்கு ஈடு கொடுப்பவர். 1975இல் அக்குடும்பம் தனித்தொடராகப் பிரிந்து 1985 வரை நீடித்தது. எள்ளப்படுவோர்க்கு மேடையில் இடமும் மறுமொழியும் கிடைத்தால், எள்ளலின் திசையே மாறுகிறது. அமெரிக்க மறுவாக்கத்தின் தலையாய ஆதாயம் இதுவே.

மூன்றாவது, காலம். ஸ்பெய்ட் தனியொருவராக, பருவத்திற்குச் சில பகுதிகளே எழுதினார். அந்த அளவில் ஒரு மனிதன் மாறாமலே நிற்கலாம், கல்வெட்டைப் போல. அமெரிக்க முறையில் எழுத்தாளர் குழுவொன்று ஆண்டுக்கு இருபதுக்கு மேற்பட்ட பகுதிகளை எழுதியது. ஒன்பது பருவங்கள் ஒருவனோடு வாரந்தோறும் வாழும் பார்வையாளர், அவனிடம் சிறிதளவேனும் மாற்றத்தை எதிர்பார்ப்பர். எனவே ஆர்ச்சி கரைந்தான். நிறைவுக் காலத்தில் ஒரு யூதச் சிறுமியைத் தன் வீட்டில் வளர்க்கும் நிலைக்கு வந்தான். ஆல்ஃபோ 1985இல் வேறொரு பெயரில் தொடங்கிய தொடரில், முதுமையிலும் வறுமையிலும் அதே ஆல்ஃபாகவே திரும்பி வந்தான்.

இவ்விரு குடும்பங்களுக்கும் இறுதியில் ஒரே துயரம் நேர்ந்தது என்பது வியப்புக்குரியது. எல்ஸாக நடித்த டேண்டி நிக்கல்ஸ் 1986இல் மறைந்தார், கதையிலும் எல்ஸ் இறந்தாள், ஆல்ஃப் தனியனானான். அமெரிக்காவில் ஸ்டேபிள்டன் தாமே விலகியமையால், தொடர்ச்சியாக வந்த நாடகத்தில் 1980இல் ஈடித் இறந்ததாகக் காட்டப்பட்டது. அழ மறுத்துத் திரிந்த ஆர்ச்சி, படுக்கையறையில் அவளுடைய செருப்பொன்றைக் கண்டெடுத்து உடைந்து அழுகிறான். நகையில் தொடங்கிய மறுவாக்கம் அழுகையில் முடிந்தது. மரணம் பிரிக்கும்வரை என்னும் மூலத் தலைப்புக்கு உரிய பொருளை, அத்தலைப்பைக் கைவிட்ட வடிவமும் தேடிக்கொண்டது.

எனில், அமெரிக்க வடிவம் மூலத்தினும் மேம்பட்டதா? இவ்விடத்தில் அவசரம் கூடாது. 1971 செப்டம்பரில் நாவலாசிரியை லாரா ஹாப்சன், நியூயார்க் டைம்ஸ் இதழில் ஒரு கடுமையான திறனாய்வை எழுதினார். உண்மையான வெறியன் வாயில் வரும் மிகக் கொடிய சொற்களை இத்தொடர் தவிர்த்துவிடுகிறது. எஞ்சியவற்றை இனிப்பாக்கி, வெறியனையே அன்புக்குரியவனாக்குகிறது. வெறுப்பைத் துப்புரவாக்கி வீட்டுக்குள் அழைக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். அடுத்த மாதமே லியர் அதே இதழில் மறுமொழி தந்தார். தப்பெண்ணம் அரக்கர்க்கு மட்டும் உரியதன்று. நேசத்துக்குரிய தந்தையரிடமும் அண்டை வீட்டாரிடமும் அது குடியிருக்கிறது என்பது அவர் நிலைப்பாடு.

யார் சொன்னது சரி? 1974இல் நீல் விட்மர், மில்டன் ரோக்கீச் என்னும் உளவியலாளர் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தப்பெண்ணம் மிக்கோரும் குறைந்தோரும் இத்தொடரை விரும்பினர். ஆனால் ஒவ்வொருவரும் தாம் காண விரும்பியதையே கண்டனர். தப்பெண்ணம் மிக்கோரில் பலர் ஆர்ச்சியையே மெச்சினர். வாதத்தில் வெல்பவனும் அவனே என்று கண்டனர். வாப்பிங்கில் வாரன் மிட்செல் தெருவிற் கேட்ட பாராட்டு, அமெரிக்காவில் ஆய்வுக் கட்டுரையாயிற்று. 1971 மே மாதத்தில் வெள்ளை மாளிகையில் பதிவான ஒலிநாடாவில், குடியரசுத் தலைவர் நிக்சன் இத்தொடரைப் பற்றிக் குறைகூறுகிறார். ஓரினச் சேர்க்கையாளரைப் போற்றி, உழைக்கும் நல்ல மனிதன் ஒருவனை இத்தொடர் கேலி செய்கிறது என்பது அவர் மனக்குறை. எள்ளல் எத்திசையில் பாய்கிறது என்பதைத் தொடரின் இரசிகர் பலரைவிட அதன் பகைவர் நன்கு உணர்ந்திருந்தார்.

ஆக, மூலத்தின் குறைபாடு என்று கருதப்பட்டதை மறுவாக்கம் போக்கவில்லை. கசப்பை நீக்கினால் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது குறையும் என்பது எதிர்பார்ப்பாயின், அது நிறைவேறவில்லை. கசந்தபோதும் வெறியர் கைதட்டினர், இனித்தபோதும் கைதட்டினர். இடைப்பட்டவர் பொருட்டே வேறுபாடு பொருளுடையதாகிறது. தன் தந்தையிடம் ஆர்ச்சியைக் கண்ட ஓர் இளைஞர்க்கு, அத்தந்தையோடு வாதாடவும் அவரை நேசிக்கவும் ஒருங்கே ஒரு வழி கிடைத்தது. ஆல்ஃப் அவ்வழியைத் தரவில்லை. அவன் தந்தது ஒரு கண்ணாடி; அதில் முகம் அழகாகத் தெரியாது. இரண்டும் தேவையே. எனினும் ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது பிழை.

இப்போக்கு பின்னாளிலும் தொடர்ந்தது. 2001இல் பி.பி.சி.யில் வந்த 'தி ஆபீஸ்' 14 பகுதிகளில் நிறைவுற்றது. 2005இல் தொடங்கிய அமெரிக்க வடிவம், மூலத்தின் முதற்பகுதியைப் பெரிதும் அடியொற்றியே புறப்பட்டது. அடுத்த பருவத்திலேயே அதன் மேலாளர் மைக்கேல் ஸ்காட் கனிவுடையவராக மாற்றப்பட்டார். தொடர் ஒன்பது பருவங்கள், 200க்கு மேற்பட்ட பகுதிகள் நீண்டது. ஒரு மனிதனோடு நெடுங்காலம் வாழ வேண்டுமாயின் அவனை மன்னித்தாக வேண்டும் என்பது அமெரிக்கத் தொலைக்காட்சி கண்டறிந்த நெறி. சில மணி நேரமே உடனிருந்தால் போதும், மன்னிக்க வேண்டியதில்லை என்பது ஆங்கில நெறி.

பிறமொழிக் கவிதையைத் தம் மொழிக்குக் கொணர்வோர்க்கு இவ்வொப்பீடு ஒன்றை உணர்த்தும். சொற்களைக் கடத்துவது கடினமன்று. வசைக்கு வசையும் பழிப்புக்குப் பழிப்பும் எம்மொழியிலும் கிடைக்கும். கடத்த அரியது, அச்சொல் எவர் முன்னிலையில் சொல்லப்படுகிறது என்பது. லியர் மாற்றியமைத்தது வசனத்தை அன்று, அவ்வசனத்தைக் கேட்டுக்கொண்டிருப்போரை. எல்ஸ் இருந்த நாற்காலியில் ஈடித்தை அமர்த்தினார். வெறுமையாயிருந்த வாயிலில் லயனலை நிறுத்தினார். அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தமையால் அதே சொல் வேறு பொருள் கொண்டது.

அங்கதக் கவிஞர் தம் கவிதைக்குக் கைதட்டு எழும்போது, தட்டும் கைகள் எவருடையவை என்று ஒருமுறை நோக்குவது நலம். எள்ளப்பட்டவர் அவையில் இருக்கிறாரா, அவர்க்கு மறுமொழி சொல்ல வாயில் திறந்திருக்கிறதா என்று நோக்குவது அதனினும் நலம். வாரன் மிட்செல் தெருவில் நின்று சொன்ன மறுமொழியைக் கவிதைக்குள்ளேயே சொல்ல இயலுமா என்பது, ஸ்பெய்ட்டும் லியரும் தீர்க்காமல் விட்டுச்சென்ற வேலை. பத்தாண்டுகளாகக் கவிதையைக் கூடிப் படித்தும் கூடி விவாதித்தும் வரும் இவ்வட்டத்திற்கு அவ்வேலை உரியது.