படித்த படிப்பும் பார்க்கும் பணியும்

(பாலாற்றில், மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் பாலாறு எல்லையில் அமைந்த ஊர். பாலாறு என்னும் சிற்றாறு காவிரியில் கலக்கும் இவ்விடத்தில், மேட்டூர் நீர்த்தேக்கத்தின் தலைப்பகுதியில், தமிழகமும் கர்நாடகமும் சந்திக்கின்றன. ஒரு காலத்தில் கோவை மாவட்டத்தில் இருந்த கொள்ளேகால் வட்டம் 1956-இல் மைசூர் மாநிலத்தைச் சேர்ந்தது. பின்னர் 1997-இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராசநகர் மாவட்டம் பிரிந்தது. இத்தகைய மலையோரச் சிற்றூர்களிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் இளைஞர் பலர், தம் குடும்பத்தின் முதற்பட்டதாரிகள். "இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்று அவர்களுடைய பெற்றோர் கேட்கின்றனர். அந்தப் படிப்பிற்காக நிலத்தை அடகு வைத்தவர்கள் அவர்கள். ஆகவே, படித்த படிப்புக்கும் பார்க்கும் பணிக்கும் உள்ள தொடர்பை நாம் நேர்மையாக ஆராய வேண்டும்.

இதில் இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. படிப்புக்கேற்ற வேலை கிடைக்காவிடில் படிப்பே வீண் என்பது ஒன்று. என்ன படித்தால் என்ன, திறமை இருந்தால் போதும் என்பது மற்றொன்று. இரண்டும் முழு உண்மையல்ல.

துறை மாறிய பெரியோர்

மைசூரின் வரலாற்றிலிருந்தே தொடங்குவோம். சர் எம். விசுவேசுவரய்யா பெங்களூர் மத்தியக் கல்லூரியில் முதலில் பெற்றது கலைப் பட்டம். அதன்பின் மைசூர் அரசின் உதவித்தொகையுடன் பூனா சென்று பொறியியல் பயின்றார். பம்பாய் அரசின் பொதுப்பணித் துறையில் பணியாற்றி, 1909-இல் மைசூரின் தலைமைப் பொறியாளரானார். 1912 முதல் 1918 வரை திவானாக இருந்தார். கிருஷ்ணராஜ சாகர் அணையின் பணி அவர் காலத்தில் தொடங்கியது. 1916-இல் மைசூர்ப் பல்கலைக்கழகமும், 1917-இல் பெங்களூரில் பொறியியற் கல்லூரியும் தோன்றின. கலைப் பட்டதாரி பொறியாளராகி, பொறியாளர் ஆட்சியாளரானார். எனினும், பொறியியல் கற்காமலே அவர் அணை கட்டிவிடவில்லை என்பதை மறத்தலாகாது.

சர் சி.வி. இராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று, 1907-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அந்நாளில் அறிவியல் கற்ற இந்தியருக்கு ஆராய்ச்சியையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளும் வாய்ப்பு மிக அரிது. அவர் நிதித் துறைத் தேர்வெழுதி, கல்கத்தாவில் கணக்குத் துறை அதிகாரியானார். பத்தாண்டுக் காலம் அவருடைய படிப்புக்கும் பணிக்கும் தொடர்பில்லை. ஆனால் அதே நகரில் 1876-இல் மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடம் இருந்தது. அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் அங்கே ஆராய்ச்சி செய்ய அவருக்கு இடம் கிடைத்தது. 1917-இல் குறைந்த ஊதியத்தை ஏற்றுப் பேராசிரியரானார். 1928-இல் இராமன் விளைவைக் கண்டறிந்தார். 1930-இல் நோபல் பரிசு அவரை அடைந்தது.

மூன்றாவது எடுத்துக்காட்டு வர்கீஸ் குரியன். சென்னை இலயோலாவில் இயற்பியலும் கிண்டியில் பொறியியலும் பயின்றவர். பால்பண்ணைப் பொறியியலுக்கென அரசு அளித்த உதவித்தொகையில் அமெரிக்கா சென்றார். ஆனால் அங்கும் அவர் நாட்டம் பிற பொறியியல் துறைகளிலேயே இருந்தது. அரசு உடன்படிக்கையின்படி 1949-இல் குசராத்தின் ஆனந்த் நகருக்கு விருப்பமின்றியே வந்து சேர்ந்தார். பின்னர் அவ்வூரின் கூட்டுறவுப் பால் இயக்கத்தையே தம் வாழ்க்கைப் பணியாக்கிக் கொண்டார். 1965-இல் அமைந்த தேசியப் பால்வள வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்கும் முறையை வகுத்துத் தந்தது, மைசூரில் 1950-இல் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம். அதைக் கொண்டே அமுல் நிறுவனம் அவ்வுணவை உற்பத்தி செய்தது. நிறுவனத்தை நடத்தியவர் துறை மாறி வந்தவராக இருக்கலாம். ஆனால் பாலின் இயல்பை ஆய்ந்தவர்கள் அத்துறையை ஆழ்ந்து கற்றவர்கள். ஒருவர் துறை மாறி வெற்றி பெற, மாறாது நின்று உழைத்தோர் பலர் தேவைப்பட்டனர்.

படிப்பு தருவது என்ன?

படிப்பு மனிதனுக்கு மூன்றைத் தருகிறது எனலாம். முதலாவது, துறையறிவு. மருத்துவம், பொறியியல், கால்நடை மருத்துவம் போன்ற பணிகளில் இதற்கு மாற்றே இல்லை. இரண்டாவது, சிந்திக்கும் பயிற்சி. சான்றுகளைத் தேடுதல், கணக்கிட்டுப் பார்த்தல், தெளிவாக எழுதுதல் ஆகியவை எப்பாடத்தை முறையாகக் கற்றாலும் வருபவை, எப்பணிக்கும் உதவுபவை. மூன்றாவது, சான்றிதழ். இது வாயிலைத் திறக்கும் சாவி. உள்ளே சென்றபின் அதனால் பயன் சிறிதே.

இந்திய ஆட்சிப் பணித் தேர்வை எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் எழுதலாம். இது இரண்டாவது பயனை மதிக்கும் ஏற்பாடு. தேர்வு பெற்றவர்களை உடனே மாவட்டத்துக்கு அனுப்புவதில்லை; முசௌரியில் பயிற்சி அளித்தபின்பே பொறுப்புத் தருகின்றனர். மைசூரில் இன்போசிஸ் நிறுவனம் நடத்தும் பயிற்சி மையத்திலும் இதே முறையைக் காண்கிறோம். இயந்திரவியல், மின்னியல் எனப் பல பிரிவுகளில் பயின்ற பட்டதாரிகளை எடுத்து, ஊதியத்துடன் பல வாரங்கள் கற்பித்து, கணினிப் பணிக்கு ஆயத்தம் செய்கின்றனர்.

இந்த எடுத்துக்காட்டுகள் அனைத்துக்கும் பொதுவானது ஒன்று உண்டு. துறை மாறியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பாலம் இருந்தது. விசுவேசுவரய்யாவுக்கு அரசின் உதவித்தொகை, இராமனுக்கு ஆய்வுக்கூடம், ஆட்சிப் பணியாளருக்குப் பயிற்சிக் கழகம், பொறியியல் பட்டதாரிக்கு நிறுவனத்தின் பயிற்சி எனப் பாலங்கள் பலவகை. திறமை ஒன்றே அவர்களைக் கரை சேர்த்தது என்று சொல்வது, பாலத்தைக் கட்டியவர்களை மறப்பதாகும்.

பாலம் இல்லாதவர் நிலை

மலையோரச் சிற்றூரில் வரலாறோ வேதியியலோ படித்துப் பட்டம் பெற்ற பெண்ணுக்கு அத்தகைய பாலம் எது? பள்ளி இறுதித் தகுதி போதுமான எழுத்தர் பணிக்கு முதுகலைப் பட்டதாரிகள் விண்ணப்பிப்பதை நாம் காண்கிறோம். அங்கே படிப்பு, அறிவாகவும் பயன்படுவதில்லை, பயிற்சியாகவும் பயன்படுவதில்லை. வெறும் சான்றிதழாகச் சுருங்கிவிடுகிறது. அதுமட்டுமன்று, பள்ளிப் படிப்போடு நின்றவருக்கு உரிய இடத்தையும் அது பறித்துவிடுகிறது. இது தனிமனிதரின் ஏமாற்றம் மட்டுமல்ல. பொதுப்பணத்தின் விரயமும் ஆகும்.

இக்குறை நெடுங்காலமாக அறியப்பட்டதே. 1964–66ஆம் ஆண்டுகளின் கோத்தாரி கல்விக் குழு, பள்ளிப் படிப்போடு செயல் அனுபவத்தை இணைக்க வலியுறுத்தியது. மேல்நிலைக் கல்வியில் தொழிற்பிரிவு குறித்து 1978-இல் மால்கம் ஆதிசேசய்யா தலைமையிலான குழு அறிக்கை அளித்தது. தொழில் பழகுநர் சட்டம் 1961 முதல் நம்மிடம் உள்ளது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையும் பல துறைகளை இணைத்துக் கற்பதையும் தொழிற்கல்வியையும் பேசுகிறது. கருத்துகளுக்குப் பஞ்சமில்லை. பாலத்தின் மறுகரை சிற்றூரைத் தொட வேண்டும் என்பதே எஞ்சியுள்ள பணி.

செய்யத்தக்கவை

அலுவலர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். ஒரு பணிக்கு உண்மையில் தேவையான தகுதி எது என்பதை ஆய்ந்து விதியுங்கள். கூட்டத்தைக் குறைப்பதற்காகத் தகுதியை உயர்த்தாதீர்கள். பணியில் சேர்ந்தபின் தரும் பயிற்சியைச் சடங்காகக் கருதாதீர்கள். பழகுநர் பயிற்சி, உதவித்தொகை பற்றிய செய்திகள் மாவட்டத் தலைநகரின் அறிவிப்புப் பலகையோடு நின்றுவிடாமல், கடைசிப் பேருந்து நிற்கும் ஊர் வரை செல்லட்டும்.

மாணவர்களுக்குச் சொல்வது இது. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளை விரும்பினால் அதற்குரிய படிப்பைத் தவிர வேறு வழியில்லை. காலத்தோடு முடிவு செய்யுங்கள். வேறு பாடம் கிடைத்துவிட்டதே என்று சோர்ந்து மூன்றாண்டுகளைக் கழிக்காதீர்கள். கிடைத்த பாடத்தை ஆழமாகக் கற்றால் சிந்திக்கும் பயிற்சியாவது மிஞ்சும். மேலோட்டமாகக் கற்றால் சான்றிதழ் மட்டுமே மிஞ்சும். அதனுடன் கைத்திறன் ஒன்றையும், தாய்மொழியோடு மற்றொரு மொழியையும் பழகிக்கொள்ளுங்கள். இரு மாநில எல்லையில் பிறந்த உங்களுக்குத் தமிழும் கன்னடமும் காதில் விழுந்து வளர்ந்தவை; அது பிறர் பணம் கொடுத்துக் கற்கும் தகுதி.

பதினேழு வயதில் எடுத்த ஒரு முடிவு, அறுபது வயது வரை ஒருவரைக் கட்டிவைக்கக் கூடாது. அதே வேளையில், அந்த முடிவை மாற்ற விரும்புபவர் தாமே நீந்திக் கரையேறட்டும் என்று சமுதாயம் வேடிக்கை பார்ப்பதும் முறையன்று. கற்பது மாணவர் கடமை. பாலம் அமைப்பது அரசின் கடமை. இரண்டும் இணையும்போதுதான், படித்த படிப்பு எதுவாயினும் அது வீணாகாது.