மகன் எடுத்த சிலை

பெரியோருக்குச் சிலை எடுப்பது நாடுகள் பலவற்றிலும் உள்ள வழக்கம். அரசு எடுப்பதுண்டு, பொதுமக்கள் பொருள் திரட்டி எடுப்பதுமுண்டு. நியூயோர்க் மாநகரின் மத்திய பூங்காவில் நிற்கும் அலெக்சாந்தர் ஹமில்ரனின் கருங்கற் சிலையோ, முதுமையெய்திய மகன் ஒருவர் தம் தந்தைக்கு எடுத்ததாகும்.

ஹமில்ரன் மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான நீவிசிற் பிறந்தவர். இளமையிலே தந்தையாற் கைவிடப்பட்டு, தாயையும் இழந்து, வணிக நிலையமொன்றிற் கணக்கெழுதி வாழ்ந்தவர். கல்வி கற்க அமெரிக்கா சென்ற அவ்விளைஞர், விடுதலைப் போரில் ஜோர்ஜ் வாஷிங்ரனின் அணுக்க அலுவலரானார். 1789 முதல் 1795 வரை அந்நாட்டின் முதலாவது திறைசேரிச் செயலாளராக விளங்கினார். மாநிலங்களின் போர்க்கடனை மத்திய அரசே ஏற்குமாறு செய்தார். 1791இல் தேசிய வங்கி தோன்ற வழிவகுத்தார். கடனைத் தீர்க்கும் நாடு என்ற நன்மதிப்பைப் புதிய குடியரசுக்குத் தேடித் தந்தவர் அவரே.

1804 யூலை 11ஆந் திகதி, துணை ஜனாதிபதி ஆரன் பேருடன் துப்பாக்கி ஏந்தி நிகழ்த்திய தனிப்போரிற் காயமுற்று, மறுநாள் உயிர் நீத்தார். மனைவி எலிசபெத்தும் மக்கள் எழுவரும் ஆதரவிழந்தனர். அவ்வெழுவருள் ஒருவரான ஜோன் சேர்ச் ஹமில்ரனுக்கு அப்பொழுது வயது 11.

நகர வணிகர் நன்றி மறந்தாரல்லர். 1835இல், தம் வணிக மண்டபத்திலே ஹமில்ரனுக்கு அழகிய பளிங்குச் சிலையொன்றை நிறுவினர். சிற்பி ரொபேட் போல் ஹியூஸ். அவ்வாண்டு திசெம்பரிலேயே நகரிற் பெருந்தீ மூண்டது. கடுங்குளிரால் ஆறு உறைந்தது. தீயணைக்கும் குழாய்களினுள்ளும் நீர் உறைந்தது. அறுநூறுக்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. மண்டபத்துடன் சிலையும் அழிந்தது.

ஜோன் தந்தையின் எழுத்துகளைக் காப்பதையே வாழ்வின் பணியாகக் கொண்டார். 1850, 1851ஆம் ஆண்டுகளில் அவை ஏழு தொகுதிகளாக வெளிவந்தன. அரை நூற்றாண்டு கைம்மை நோற்ற தாயார், அவற்றைக் கண்ட பின்னரே, 1854இல் தமது 97ஆம் வயதிற் காலமானார். மகன் எழுதிய வரலாற்றில் பாசம் மிகுந்தது என்றும், வாஷிங்ரனின் பெயராற் சென்ற கடிதங்களின் பெருமையையும் தந்தைக்கே உரியதாக்கினார் என்றும் குறை கூறினோர் உளர். அக்குறையில் நியாயமுண்டு. ஆயினும், ஆவணங்களை அவர் அச்சேற்றியமையாற் பிறரும் அவற்றைப் படித்து ஆராய முடிந்தது.

1880 நவம்பர் 22ஆந் திகதி, கார்ல் கொன்ராட்ஸ் செதுக்கிய கருங்கற் சிலை பூங்காவிலே திறந்து வைக்கப்பெற்றது. அதனை நகருக்கு அளித்த மகனுக்கு அப்பொழுது வயது 88. ஈராண்டுகளில் அவரும் மறைந்தார்.

ஒரு பெரியாரின் நினைவைக் கல் மட்டும் காப்பதில்லை. பளிங்கு ஓர் இரவில் அழிந்தது; பதினொரு வயதில் தந்தையை இழந்த சிறுவனின் அன்போ எழுபத்தாறு ஆண்டுகள் தளராது நின்றது. அச்சிலையின்முன் நிற்போர் தந்தையின் அறிவை வியப்பர். அதனை எடுத்த மகனின் பொறுமையையும் அவர்கள் எண்ணிப் பார்த்தல் தகும்.