காலத்திற்கேற்ற தோட்டா

 

தமிழ்ச் சங்க மேடையில் துப்பாக்கியைப் பற்றிப் பேச்சா என்று தாய்மார்கள் வியப்படையலாம். காரணம் உண்டு. சென்ற ஆண்டு விழாவில் நாம் நடத்திய கட்டபொம்மன் நாடகம் அனைவருக்கும் நினைவிருக்கும். கும்பினிச் சிப்பாய்கள் மரத்துப்பாக்கி ஏந்தி மிடுக்காக மேடையேறினர், கைதட்டலும் கிடைத்தது. திரை விழுந்ததும் காலனிச் சிறுவன் ஒருவன் நாடகக் குழுவினராகிய நம்மிடம் வந்து, “மாமா, கட்டபொம்மன் காலத்தில் 303 ரைபிள் ஏது?” என்று கேட்டான். விடை கூற இயலாது விழித்தோம். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது 1799இல். 303 தோட்டாவைச் சுடும் ரைபிளைப் பிரிட்டிஷ் படை ஏற்றது 1888இல். எண்பத்தொன்பது ஆண்டுகள் முன்னதாகவே நாம் அதை வழங்கிவிட்டோம்!

அந்த வெட்கமே நம்மைத் தேடிப் படிக்கச் செய்தது. படிக்கப் படிக்க, இதே கேள்வியை நம்மைவிடப் பன்மடங்கு கவலையோடு கேட்டுக்கொள்ளும் கூட்டத்தார் அமெரிக்காவில் இருப்பதை அறிந்தோம். கலிபோர்னியாவில் 1980களின் தொடக்கத்தில் ‘கௌபாய்’ சுடும் போட்டி என்ற ஒன்று தோன்றியது. போட்டியாளர் 19ஆம் நூற்றாண்டு மேற்குப் பகுதி மக்களைப் போல் உடுத்தி, புனைபெயர் ஒன்றும் சூட்டிக்கொண்டு வருகிறார். சுழல் துப்பாக்கி, லீவர் ரைபிள், ஷாட்கன் ஆகியவற்றால் இரும்புத் தகடுகளைச் சுடுகிறார். காரீயக் குண்டு மட்டுமே அனுமதி. விரைந்து பிழையின்றிச் சுட்டவர் வெல்கிறார்.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. எந்த அளவுத் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது? காலிபர் என்பது குழலின் உள்விட்டம். எண்ணைப் பார்த்து வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கத் தோன்றும். ரயில்வே காலனியில் வாழும் நமக்கு இதை எளிதில் விளக்கலாம். இருப்புப்பாதையின் அகலம் 1676 மில்லிமீட்டர் என்று மட்டும் ஒருவர் கூறினால், அதன்மேல் நீராவி எஞ்சின் ஓடியதா, மின்சார எஞ்சின் ஓடியதா என்று நம்மால் கூற முடியுமா? துப்பாக்கி எண்ணும் அவ்வாறே. எண்ணோடு துப்பாக்கி, வெடிமருந்து, ஆண்டு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் காலம் பிடிபடும்.

ஒரு சான்று காண்போம். ‘45 கோல்ட்’ என்னும் தோட்டா 1873இல் சுழல் துப்பாக்கிக்காக வந்தது. அதே 1873இல் வின்செஸ்டர் கம்பெனி தன் புகழ்பெற்ற லீவர் ரைபிளை வெளியிட்டது. இரண்டும் ஒரே ஆண்டுப் பிறவி. ஆகவே 45 கோல்ட் தோட்டாவைச் சுடும் வின்செஸ்டர் ரைபிள் பொருத்தமானது என்று எவரும் முடிவு கட்டுவர். அதுதான் தவறு! அந்த நூற்றாண்டில் அக்கம்பெனி 45 கோல்ட் தோட்டாவுக்கு ரைபிள் செய்து விற்கவே இல்லை. அத்தோட்டாவின் அடிவிளிம்பு மிகக் குறுகலாக இருந்ததால் ரைபிளின் கொக்கி பற்றி இழுக்க இடம் போதவில்லை என்பது பலரும் கூறும் காரணம். இன்று கடையில் கிடைக்கும் 45 கோல்ட் லீவர் ரைபிள்கள் நம் காலத்துப் படைப்பு.

1873 ரைபிளோடு பிறந்த தோட்டா ‘44-40’ என்பது. இதில் 44 விட்டத்தைக் குறிக்கிறது. 40 என்பது கரிய வெடிமருந்தின் எடை, 40 கிரெயின். 1878இல் கோல்ட் கம்பெனியும் தன் சுழல் துப்பாக்கியை இத்தோட்டாவுக்கு அமைத்தது. ஆகவே இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என இரண்டு ஆயுதம் வைத்திருந்தவனுக்கு ஒரே தோட்டாப் பை போதுமாயிற்று. பாலைவெளியில் திரிந்தவனுக்கு இது எத்துணை பெரிய வசதி! 38-40, 32-20 என்ற உடன்பிறப்புகளும் பின்னர் வந்தன. 38-40இன் குண்டு உண்மையில் 0.40 அங்குல விட்டம் உடையது. பெயர் சூட்டியவர்கள் கணக்கில் நம்மைப் போன்றவர்கள் போலும்.

44-40க்கு மற்றொரு சிறப்பும் உண்டு. கரிய மருந்து சுட்டபின் கரி படியும். இத்தோட்டாவின் பித்தளைக் கூட்டுக் கழுத்து மெல்லியது. வெடித்ததும் விரிந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும். கரிப்புகை பின்னோக்கி வந்து இயந்திரத்தை அடைக்காது. 45 கோல்ட் கூட்டில் அவ்வளவு நல்ல அடைப்பு இல்லை. வரலாற்றுக்கு உகந்ததே வேலைக்கும் உகந்ததாக அமைந்தது!

ஆயினும் போட்டிகளில் பலர் கையில் இருப்பது ‘38 ஸ்பெஷல்’. அது 1898இல் தோன்றியது. 1873 ரைபிளின் அசல் தோட்டா அன்று. விலை மலிவு, உதைப்பு குறைவு, ஆகவே வேகம் கூடும். விதிகள் அதை அனுமதிக்கின்றன. குறை கூற இடமில்லை. ஆனால் தொப்பியும் பூட்சும் 1870களைச் சேர்ந்தவையாக இருக்க, தோட்டா மட்டும் வசதியைப் பார்த்து வருவது நமக்கு உறுத்துகிறது. முதற்பரிசு கிட்டாவிடினும் 44-40ஐயே ஏந்துவோம் என்பது நம் கருத்து. வாங்க வழியில்லாதவர் கருத்துக்கு விலை ஏது என்று நண்பர்கள் நகைக்கின்றனர்.

தொலைதூரப் போட்டி என்றால் கதை வேறு. அங்கே 200 மீட்டரில் கோழி, 500 மீட்டரில் ஆட்டுக்கடா என இரும்பு உருவங்கள் நிற்கும். அதற்கு அமெரிக்கப் படை 1873இல் ஏற்ற 45-70 போன்ற கனத்த தோட்டாவே தகும். 44-40 அந்தக் கடாவை ஒன்றும் செய்யாது.

ஒன்றை அழுத்திக் கூற வேண்டும். கரிய மருந்துக்கென அக்காலத்தில் செய்த பழைய துப்பாக்கியில், எண் பொருந்துகிறதே என்று இக்காலத்து வலிய, புகையற்ற மருந்துத் தோட்டாவை இட்டால், அழுத்தம் தாங்காது குழல் வெடிக்கும். கையும் கண்ணும் போகும். அறிந்தவர்கள் இதனாலேயே புதிதாகச் செய்த நகல் ரைபிள்களை நாடுகின்றனர். இத்தாலிய உபெர்ட்டி கம்பெனியின் 1873 நகல் அவற்றுள் பெயர் பெற்றது.

இனி நம் நாடகத்துக்கு வருவோம். 1799இல் கும்பினிச் சிப்பாய் ஏந்தியது ‘பிரவுன் பெஸ்’ என்னும் சக்கிமுக்கித் துப்பாக்கி. குழல் முக்கால் அங்குலம். மருந்தையும் குண்டையும் வாய்வழியே இட்டுக் கம்பியால் இடிக்க வேண்டும். நம் மரத்துப்பாக்கிகளின் போல்ட்டுகளை நீக்கி, கல் கவ்வும் குதிரைகளைப் பொருத்தித் தரத் தச்சர் இசைந்துள்ளார். இடிக்கும் கம்பிகளுக்குப் பழைய குடைகளைத் தேடிக்கொண்டிருக்கிறோம். வீட்டில் உள்ளவர்கள் ஒத்திகைக்கு முன் கொண்டுவந்து தர வேண்டுகிறோம்.